சுங்கை சிப்புட் ஆலயத்தில் பாட்டுப் பலகையைப் படிப்பது

ஆலயத்துக்குள் நுழைந்ததும் பீடத்தைப் பார்த்து வணங்கிவிட்டு, பக்கச் சுவரைப் பாருங்கள். மலேசியத் தோட்டப் பட்டணங்களின் பழைய தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளில் அங்கே ஒரு மரப்பலகை தொங்கும். அதில் செருகிய அட்டைகளில் நான்கைந்து எண்கள் இருக்கும். அன்றைய ஆராதனையில் பாடவிருக்கும் பாட்டுகளின் எண்கள் அவை. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதர் நிற்கிறார். ஒருவர் திருச்சியில் அடக்கமானவர், ஒருவர் கரையிருப்பில் பிறந்தவர், ஒருவர் கனடாவில் தனியாக வாழ்ந்து முடிந்தவர். அவர்களைத் தெரிந்துகொண்டு பாடுகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் நீண்ட யாத்திரையாகவே அமையும்.

சுங்கை சிப்புட் ஈப்போவுக்கு வடக்கே, கோலா கங்சாருக்கு முன்னால் இருக்கிறது. ரயிலில் வரலாம். ஆனால் எல்லா ரயிலும் இங்கே நிற்பதில்லை, சீட்டு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்கள் டவுனை ஒட்டிய தாமான் எனும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, தோட்டந்தோறும் நடந்த மாலை ஜெபங்களின் பாட்டெல்லாம் டவுன் ஆலயத்தில் வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிறு காலைக்கு முந்தின நாளே வந்து தங்குவது நல்லது. ஆராதனை நேரம் சபைக்குச் சபை மாறும், சனிக்கிழமையே கேட்டு உறுதி செய்யுங்கள்.

இந்தப் பாட்டுகள் கப்பலில் வந்தவை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த ரஜுலா போன்ற கப்பல்களில், தகரப் பெட்டிக்குள் வேஷ்டி சேலையோடு வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் வந்தன. தஞ்சை, திருநெல்வேலி, திருச்சிப் பக்கத்தார் அவரவர் மிஷன் பாட்டைக் கொண்டுவந்தார்கள். கோலாலம்பூரில் தமிழ் லுத்தரன் சபை 1907ல் தொடங்கியது அப்படி வந்தவர்களால்தான். 1938ல் இந்திய அரசு கூலிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. புத்தகங்களின் வரவும் அதோடு குறைந்தது, பாட்டு மட்டும் வாய்வழியாக நிலைத்தது.

கையில் புத்தகம் இருப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது: பலகை எண் உங்கள் புத்தகத்து எண்ணாக இருக்க வேண்டியதில்லை. பாமாலை, ஞானப்பாட்டு, கீர்த்தனை என்று மூன்று வகை உண்டு. முதல் இரண்டும் பெரும்பாலும் மேற்கத்திய மெட்டில் பாடுபவை, கீர்த்தனை நம் ராக தாளத்தில் பாடுவது. பதிப்புக்குப் பதிப்பு, சபைக்குச் சபை எண் மாறும். எண்ணை நம்பாமல் முதலடியைக் கேட்டு, புத்தகக் கடைசியில் உள்ள முதலடி அகராதியில் தேடுங்கள். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ‘ரத்தம்’ என்று தொடங்கும் பாட்டு சில பதிப்புகளில் ‘இ’ வரிசையில் ‘இரத்தம்’ என்று கிடக்கும். ‘சர்வ’ என்பது ‘சருவ’ என்று இருக்கும். ஒரு வரிசையில் காணவில்லை என்றால் மற்றதைப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆராதனையைத் தொடங்க அடிக்கடி எடுக்கப்படும் பாட்டு ‘தூய தூய தூயா’. எழுதியவர் ரெஜினால்ட் ஹீபர். இங்கிலாந்தில் கிராமப் போதகராக இருந்தபோது பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தின் திருநாளுக்காக எழுதினார். 1823ல் கல்கத்தா பேராயராக வந்தார். 1826 மார்ச்சில் தஞ்சாவூரில் ஈஸ்டர் கொண்டாடினார். பிறகு திருச்சிக்குப் போனார். ஏப்ரல் 3ஆம் தேதி காலை அங்கே கோட்டையில் தமிழ்ச் சபையாருக்கு, ஞானஸ்நானம் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் சடங்கை நடத்திவிட்டு, வெயிலில் திரும்பிக் குளிக்க இறங்கினார். குளித்த நீரிலேயே உயிர் போயிற்று. வயது 42. திருச்சி பரிசுத்த யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். கடைசிக் காலையைத் தமிழர் நடுவே கழித்தவரின் பாட்டு இது என்று தெரிந்தால், சுங்கை சிப்புட்டில் அதைத் தமிழில் பாடும்போது தொண்டை கொஞ்சம் அடைக்கும்.

மெட்டு ஜான் டைக்ஸ் 1861ல் அமைத்தது. ஆதிச் சபைத் தலைவர்கள் கூடி விசுவாசத்தை வரையறுத்த நிசேயா சங்கத்தின் பெயரையே அதற்கு வைத்தார். மூன்று ‘தூய’வும் ச, க, ப என்று மூன்று படி ஏறுகின்றன. மூன்று சுரமும் சேர்ந்தால் ஒரே இசைக்கட்டு, அதுவே திரித்துவத்துக்கு அவர் வைத்த அடையாளம் போல இருக்கிறது. நம் காதுக்குக் கர்நாடக இசை பழக்கம் என்பதால், ச-விலிருந்து க-வுக்குப் போகும்போது வழுக்கிக்கொண்டு ஏறுவோம். அங்கே வழுக்கக் கூடாது. படியில் கால் வைப்பது போல ஒவ்வொரு சுரத்திலும் நேராக நிற்க வேண்டும். வழுக்கினால் படி மூன்றும் குழைந்து ஒன்றாகிவிடும்.

பாமாலைப் பாட்டுகள் அசை எண்ணி அமைந்தவை. ஆங்கில, ஜெர்மன் மெட்டுக்குள் தமிழைப் பொருத்தியவர்கள் வரிக்கு இத்தனை அசை என்று எண்ணியே சொல் தேர்ந்தார்கள். ‘நான் பாவிதான் ஆனாலும் நீர்’ என்ற பாட்டின் மூலம் ஷார்லட் எலியட் எழுதியது. வாழ்நாளில் பெரும்பகுதியை நோயாளியாகக் கழித்த பெண்மணி. பாட்டின் அளவு 8, 8, 8, 6. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: நான்-பா-வி-தான்-ஆ-னா-லும்-நீர், எட்டு. அடுத்த வரியில் ‘மாசற்ற இரத்தம் சிந்தினீர்’ என்று அச்சில் இருக்கும். அதை அப்படியே ‘இ-ரத்-தம்’ என்று வாசித்தால் ஒன்பதாகி மெட்டு இடறும். ‘மா-சற்-ற-ரத்-தஞ்-சிந்-தி-னீர்’ என்று ‘இ’யை விழுங்கிப் பாடினால் எட்டில் அமரும்.

‘பாவ சஞ்சலத்தை நீக்க’ பாட்டிலும் இதே கதைதான். அளவு 8, 7. இரண்டாம் வரித் தொடக்கத்திலுள்ள ‘பிராண’ என்பதைப் பலர் ‘பி-ரா-ண’ என்று மூன்றாக உடைப்பார்கள். இரண்டே அசையாக, ‘ப்ரா-ண’ என்று எடுக்க வேண்டும். சபை ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பின்தங்குவதற்குக் காரணம் இந்த ஒரு அசை. எழுதியவர் ஜோசப் ஸ்கிரிவன், அயர்லாந்துக்காரர். மணக்கவிருந்த பெண் நீரில் மூழ்கி இறந்தாள். பிறகு கனடா போய், ஏழைகளுக்கு உழைத்துத் தனியாக வாழ்ந்தார். ஊரில் இருந்த தாயின் துயரத்தை ஆற்ற 1855ல் எழுதி அனுப்பிய வரிகள் இவை. அச்சுக்காக எழுதவில்லை. தாயை ஊரில் விட்டுக் கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாடும் பாட்டாக இது ஆனதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

பலகையில் அடுத்த எண் ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்றால் அந்த நாள் பாக்கியமான நாள். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1827ல் நெல்லைக்கு அருகே கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தார். கம்பனில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபோது வேதாகமத்தைப் படித்தார், 1858ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாக்கி 1894ல் தந்தார். இந்தப் பாட்டு அவருடைய ‘இரட்சணிய மனோகரம்’ நூலில் உள்ளது. 1900ல் மறைந்தார்.

சத்து, சித்து, ஆனந்தம் என்று நம் மண்ணில் பரம்பொருளுக்குச் சொல்லி வந்த மூன்று சொல்லையும் எடுத்து, ‘திகழ்கின்ற திரித்துவமே’ என்று முடிக்கிறார். நிஷ்களம் என்றால் உருவமற்றது, கூறுபடாதது. சாமியம் என்றால் ஒப்பு. ‘ஒரு சாமியமும் இலதாய்’ என்றால் இணை சொல்ல ஒன்றும் இல்லாததாய். பொருள் தெரியாததால் திரையில் தட்டச்சு செய்கிறவர்கள் இதை ‘இல்லாததாய்’ என்று திருத்திவிடுவது உண்டு. அசை கூடும், ஓசை செத்துப்போகும். ‘இலதாய்’தான் சரி. இந்தப் பாட்டை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சுந்தரரின் ‘பொன்னார் மேனியனே’ பதிகத்தைச் சொல்லிப் பாருங்கள். ஓசை ஒன்றேதான். அங்கே ‘அன்னே உன்னையல்லால்’, இங்கே ‘அத்தா உன்னையல்லால்’. தான் வளர்ந்த மொழியின் பக்தியை அவர் தூக்கி எறியவில்லை, அதையே கொண்டுவந்து புதிய ஆண்டவரின் பாதத்தில் வைத்தார். இதற்குக் கீபோர்டில் தாளப் பொத்தானை அழுத்தவே வேண்டாம். சுருதி மட்டும் போதும். சொல்லின் நீட்டல் குறுக்கல்களிலேயே நடை இருக்கிறது.

கீர்த்தனைக்கு வந்தால் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவயதில் தஞ்சைக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார். சரபோஜி மன்னரோடு பழகி வளர்ந்தார். 1864 வரை, தொண்ணூறு வயதை நெருங்கும் காலம் வாழ்ந்தார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ அவருடைய பெரும் படைப்பு. ஆனால் தோட்டத்து மக்களுக்கு அவரை நெருக்கமாக்கியது வேறு. ஏற்றம் இறைப்பவன் நீர்ச் சால்களை எண்ணிப் பாடும் பாட்டு, பெண்கள் கைகொட்டும் கும்மி, நொண்டி நாடகம், இவை எல்லாவற்றையும் சுவிசேஷத்துக்கு எடுத்துக்கொண்டார். உழைக்கிற கையும் காலும் அறிந்த நடைகள் அவை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853ல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது அதில் சாஸ்திரியார் பாட்டுகளுக்குப் பெரிய இடம். அதுவரை பெரும்பாலும் மொழிபெயர்ப்புப் பாட்டையே பாடிய சபைகளில் ராகமும் தாளமும் நுழைந்த வாசல் அது.

கீர்த்தனையில் தவறு நேரும் இடம் பெரும்பாலும் தாளம். புத்தகத்தில் ராகம், தாளம் இரண்டும் தலைப்பிலேயே அச்சாகி இருக்கும், யாரும் வாசிப்பதில்லை. கீபோர்டின் சாதாரணத் தாளம் நான்கு தட்டு. ஆதி தாளம் எட்டு என்பதால் அதில் பொருந்திவிடும். ரூபக தாளத்தை அதில் போட்டால் இரண்டாம் வரியிலேயே பாட்டும் தட்டும் பிரிந்துபோகும். ரூபகத்துக்கு மூன்று தட்டு உள்ள வால்ஸ் தாளத்தை வைக்கலாம். மிஸ்ர சாபுவுக்கு ஏழு தட்டு, மூன்றும் நான்குமாக. பல கீபோர்டுகளில் அதற்குத் தாளம் இருக்காது. நிறுத்திவிட்டுக் கையால் தட்டுங்கள், தபேலா இருந்தால் இன்னும் நல்லது. தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பையும் கவனிக்க வேண்டும். சில பல்லவிகள் தட்டு விழுந்து அரை இடம் தள்ளித்தான் தொடங்கும். முன்வரிசைப் பாடகர் தட்டோடு சேர்ந்து எடுத்துவிட்டால் பாட்டு முடியும் வரை சரியாகாது.

நேரம் போதவில்லை என்று முதல் சரணமும் கடைசிச் சரணமும் பாடி முடிப்பது பரவலாகிவிட்டது. இது வருத்தமான பழக்கம். சரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு சரித்திரத்தை நடத்திக்கொண்டு போகின்றன, நடுவை வெட்டினால் சிலுவை இல்லாமல் உயிர்ப்பு வந்துவிடும். பாட்டைக் குறையுங்கள், சரணத்தைக் குறைக்காதீர்கள்.

சுருதியைப் பல்லவியைப் பார்த்து வைக்கக் கூடாது. பல்லவி பெரும்பாலும் கீழேயே உலாவும், சரணம்தான் மேல் ச-வைத் தொடும். சரணத்தின் உச்ச வரியை முதலில் மெல்லப் பாடிப் பார்த்து, ஆண்களும் பெண்களும் கழுத்து நரம்பு புடைக்காமல் எட்டும் கட்டையில் நிறுத்துங்கள். ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பெரும்பாலான சபைகள் நிம்மதியாகப் பாடும். ஆர்மோனியம் வைத்திருக்கும் சபைகளுக்கு இந்த ஊர் ஈரம் பெரிய எதிரி. மரம் ஊதி, விரலால் அழுத்திய கட்டை மேலே எழாது, உள்ளே ஒலிக்கும் பித்தளை நாக்குகளில் களிம்பு ஏறிச் சுருதி கெடும். ஜன்னலோரம் வைக்காதீர்கள். வாரம் முழுதும் மூடிக் கிடக்காமல் நடுவே ஒருமுறையாவது திறந்து வாசியுங்கள்.

புனித வெள்ளியில் வருகிறவர்கள் ‘ரத்தம் காயம் குத்தும்’ கேட்பார்கள். மூலம் ஜெர்மன் கவி பால் கெர்ஹார்ட். ஜெர்மன் பாட்டுகளைத் தமிழில் கொண்டுவருவதில் பெரும் பங்கு ஜெர்மன் மிஷனரி பிலிப் பப்ரிசியஸ் ஐயருடையது. 1740ல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, சென்னையில் அரை நூற்றாண்டு உழைத்து, முதுமையில் கடனுக்காகச் சிறையும் கண்டு, 1791ல் இறந்தவர். இந்தப் பாட்டை மெதுவாகத்தான் பாட வேண்டும், ஆனால் மூச்சு வரியின் முடிவில் மட்டும். சொல்லின் நடுவே மூச்சு விட்டால் அழுகை போலத் தோன்றும், பொருள் உடையும்.

ஆராதனை முடிவில் ‘சீர் இயேசு நாதனுக்கு ஜெயமங்களம்’ எடுத்தால் பையைத் தேடாதீர்கள். இதுவும் சாஸ்திரியாருடையது. கச்சேரியை மங்களம் பாடி நிறைப்பது நம் முறை, அதை அவர் ஆலயத்துக்குக் கொண்டுவந்தார். கடைசி ‘மங்களம்’ விழும் வரை நின்று பாடுவதே அழகு.

மதிய உணவுக்குப் பிறகு, வெயில் தாழ்ந்ததும், யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு பழைய தோட்டத்துக் கல்லறைக்குப் போய் வாருங்கள். செம்பனை ஓலைகள் வழியை மூடியிருக்கும், காலணி உறுதியாக இருக்கட்டும், தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அங்கே பாட வேண்டியது ‘என்னோடிரும் மா நேச கர்த்தரே’. ஹென்றி லைட் இங்கிலாந்தில் மீனவர் ஊரான பிரிக்ஸத்தின் போதகர். நுரையீரல் நோய் முற்றிய நிலையில் 1847ல் எழுதினார், அதே ஆண்டு நவம்பரில், இன்று பிரான்சில் இருக்கும் நீஸ் நகரில் இறந்தார். வரிக்குப் பத்து அசை: என்-னோ-டி-ரும்-மா-நே-ச-கர்த்-த-ரே. கல்லறையில் வாத்தியம் இருக்காது. ஆரம்பிக்கிறவர் தன் வழக்கமான சுருதிக்கு ஒரு கட்டை கீழே எடுக்கட்டும். வயதானவர்கள் கடைசிச் சரணம் வரை கூடவே வருவார்கள்.