ஏழு ஸ்டூல், ஏழு கடிதம்

என் இடது காலில், முழங்காலுக்குக் கீழே, நீல நரம்பு ஒன்று கயிறு போல முறுக்கிக்கொண்டிருக்கிறது. கோவையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் நின்றதில் எனக்கு மிஞ்சியது அது. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். சாப்பிட இருபது நிமிடம். கழிப்பறை நான்காவது மாடியில் இருந்ததால் தண்ணீரே குடிக்க மாட்டோம். ஆள் இல்லாத நேரத்தில் ரேக்கில் சாய்ந்தால் ஐம்பது ரூபாய் பிடிப்பார்கள். தீபாவளி மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. விடுதிக்குப் போனதும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருப்போம்.

இப்போது நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். 2017இல் கணவரும் நானும் தொடங்கியது. ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள் வேலை செய்கிறார்கள். ஓணத்துக்கு செட்டுமுண்டு, தீபாவளிக்குச் சேலை, இடையில் கல்யாணப் பட்டு என்று இரண்டு பக்கத்துப் பண்டிகையும் எங்களுக்குச் சோறு போடுகிறது. கடையில் பேச்சு தமிழ், பலகையில் மலையாளம். நான் சட்டம் படித்தவள் அல்ல. ஆனால் சம்பளம் வாங்கியும் பார்த்தேன், கொடுத்தும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடை திறந்த மறு ஆண்டே, 2018இல், கேரள அரசு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. மூலச் சட்டம் 1960ஆம் ஆண்டினுடையது. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கட்டாயம், கடை எல்லா நாளும் திறந்திருந்தாலும் ஆள் மாற்றி விடுமுறை கொடுக்க வேண்டும் என்றெல்லாம் வந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டுமானால், குறைந்தது இரண்டு பெண்களாவது உள்ள ஐந்து பேர் குழு வேண்டும், அவர்கள் வீட்டுக்குப் போக வண்டியும் வேண்டும். ஐந்தாயிரமாக இருந்த அபராதம் ஒரு லட்சமாக ஏறியது. மீண்டும் தவறினால் இரண்டு லட்சம்.

எங்கள் கடைத்தெருவில் எல்லோரும் பேசியது அபராதத்தைப் பற்றித்தான். எனக்கு அந்தச் சட்டம் வந்த வழிதான் பெரிதாகத் தெரிந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி, கடைப் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை, பிறகு கேட்டது உட்காரும் உரிமை. அந்தப் போராட்டத்தை மலையாளத்தில் 'இரிக்கல் சமரம்' என்பார்கள். கோவையில் நாங்கள் அதே வேதனையோடு நின்றுகொண்டிருந்தோம், ஆனால் உட்காரும் உரிமையைக் கேட்டு வாங்கலாம் என்று எங்களில் ஒருத்திக்குக்கூடத் தோன்றியதில்லை. அதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

எல்லையில் வாழும் நாங்கள் இந்த 'இரிக்கல்' என்ற சொல்லைத் தினமும் கேட்கிறோம். வீட்டுக்குப் போனால் மலையாளத்தில் 'இரிக்கூ' என்று உட்காரச் சொல்வார்கள். நம் 'இரு' என்பதும் அதுதானே. இருக்கை என்றால் ஆசனம். உட்காருவதற்கும் உயிரோடு இருப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிக்காரர்கள் நாம். நம் கடைகளிலா பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்தோம்?

ஜவுளித் தொழிலில் நிற்பது என்பதே புது வழக்கம். சிறு வயதில் தாத்தா என்னைப் பொள்ளாச்சிக்குத் துணி எடுக்கக் கூட்டிக்கொண்டு போவார். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை, கடை முழுவதும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நாங்களும் உட்காருவோம், துணி காட்டுபவரும் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணத் துணி என்றால் கலர் பாட்டில் வரும். முந்நூறு சேலை விரித்துக் காட்டினாலும் அவர் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. கண்ணாடி அலமாரியும் உயர மேசையும் வந்த பிறகு வாங்குபவருக்கு நாற்காலி கிடைத்தது, விற்பவருக்கு இருந்த மெத்தை போயிற்று. உட்கார்ந்திருந்தால் வியாபாரம் கெடும் என்று இப்போது சொல்பவர்களின் அப்பாவெல்லாம் மெத்தையில் உட்கார்ந்துதான் வியாபாரம் செய்து கடையை வளர்த்தார்கள்.

சரி, நான் என்ன செய்தேன்? ஏழு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி மேசைக்குப் பின்னால் போட்டேன். சட்டம் முடிந்தது என்று நினைத்தேன். சோதனைக்கு வந்த ஓர் அதிகாரியும் ஸ்டூல்களை எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். அவற்றில் யாராவது உட்காருகிறார்களா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் ஸ்டூல்கள் மேல் அட்டைப்பெட்டிகள் ஏறிவிட்டன.

ஒரு நாள் பிற்பகலில் நான் பின்வாசல் வழியாக உள்ளே வந்தேன். உள்பாவாடைப் பிரிவில் இருந்த பெண் ஒரு பெட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள், ஸ்டூல் கவிழ்ந்தது. "தலைசுற்றல் அக்கா, இப்போதுதான் உட்கார்ந்தேன்" என்றாள். அந்த எழுந்திருப்பு எனக்குத் தெரிந்த எழுந்திருப்பு. சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்டு ஐந்து ஆண்டுகள் நான் எழுந்தது அப்படித்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் பொள்ளாச்சியில் ஒரு வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்து உயரமான ஸ்டூல்கள் செய்யச் சொன்னேன். முதுகுக்குச் சாய்மானமும் கால் வைக்கக் கம்பியும் உண்டு, ஒன்று 1,800 ரூபாய். இதில் உட்கார்ந்தால் எதிரில் நிற்பவரின் கண் மட்டத்துக்கு முகம் வரும், மேசையும் கைக்கு எட்டும். மடிப்பது, விலைச்சீட்டு ஒட்டுவது, பில் போடுவது எல்லாம் உட்கார்ந்தே செய்யலாம். பட்டுச் சேலையைப் பிரித்துக் காட்ட மட்டும் எழ வேண்டியிருக்கிறது. பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, நான் வந்தாலும் என் கணவர் வந்தாலும் எழக் கூடாது என்று சொன்னேன். மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை, கூட்டம் இருந்தாலும், பாதிப் பேர் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று நேரமும் வைத்தேன். நேரம் குறித்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

வாடிக்கையாளர் ஒருவர், எங்களுக்கு மாமா முறை, கல்லாவில் வந்து குறைபட்டார்: "என்னம்மா, உன் கடைப் பெண்கள் சட்டமாக உட்கார்ந்திருக்கிறார்களே?" நான் சொன்னேன், "ஆமாம் மாமா, சட்டப்படிதான் உட்கார்ந்திருக்கிறார்கள்." அவர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கொஞ்ச நேரம் படித்தார். இப்போதும் எங்களிடம்தான் துணி எடுக்கிறார்.

தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் இதே உரிமைக்குச் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். 1947ஆம் ஆண்டின் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு இடையில் உட்காரக் கிடைக்கும் வாய்ப்பைப் பணியாளர் பயன்படுத்திக்கொள்ளும்படி இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே உரிமை. என்னோடு நின்ற தோழி இன்னும் கோவையில் ஒரு கடையில்தான் இருக்கிறாள். ஃபோனில் கேட்டேன். "நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மேலிருந்து கூப்பிடுகிறார்கள்" என்றாள். அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

அடுத்து வந்தது பெரிய மாற்றம். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. கேரளத்தில் இவற்றை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று தொழிலாளர் துறை அமைச்சர் வி. சிவன்குட்டி அப்போது அறிவித்தார். தொழிற்சங்கங்களின் கோபம் எனக்குப் புரிகிறது. முன்பு நூறு பேர் வேலை செய்யும் ஆலையை மூடவே அரசின் அனுமதி வேண்டும், இப்போது அந்த வரம்பு முந்நூறு. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கஞ்சிக்கோட்டு ஆலைகளில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கடைகளுக்கான சட்டம் மாநிலச் சட்டம் என்பதால் அது தனியே அப்படியே இருக்கிறது. ஸ்டூலுக்கு ஆபத்தில்லை.

ஆனால் ஊதியத் தொகுப்பில் இரண்டு விதிகளை நான் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அபராதமாகப் பிடிக்கும் தொகை சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. எந்தத் தவறுக்குப் பிடிப்போம் என்பதை அரசிடம் ஒப்புதல் வாங்கி முன்கூட்டியே ஒட்டியிருக்க வேண்டும். ரேக்கில் சாய்ந்ததற்கு யார் ஒப்புதல் கொடுப்பார்கள்? இன்னொன்று, வேலையை விட்டு நிற்பவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு முடித்துப் பணம் கொடுக்க வேண்டும். முதலாளி நீக்கினால் இரண்டு நாள் என்பது 1936ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. தானாக நின்றவருக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. 2011இல் நான் நின்றபோது கடைசி மாதச் சம்பளத்துக்கு மூன்று மாதம் நடந்தேன், பஸ் செலவுக்குத் தாலிக்கொடியில் இருந்த குண்டுமணி ஒன்றை விற்றேன்.

சின்னக் கடைக்கு இது எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முன்பணம் வாங்கியிருப்பார்கள், துணி கடனுக்கு எடுத்திருப்பார்கள், இரண்டு நாளில் எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்க முடியாது. அதனால் சனிக்கிழமைதோறும் இரவு ஏழு பேர் கணக்கையும் எழுதி அவரவரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். அரை மணி நேர வேலை.

வேலைக்குச் சேர்பவருக்கு நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அந்த நான்கில் இன்னொன்றான பணிப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்கிறது. அது பற்றி ஆடிட்டரிடம் கேட்டேன். பத்துப் பேருக்குக் குறைவான இடத்தை அந்தத் தொகுப்பு கட்டுப்படுத்தாது, விட்டுவிடுங்கள் என்றார். விட மனம் வரவில்லை. ஏழு பேருக்கும் தமிழிலேயே எழுதினேன். பெயர், வேலை, சம்பளம், நேரம், விடுமுறை நாள், சேர்ந்த தேதி.

சேர்ந்த தேதியில்தான் சிக்கிக்கொண்டேன். ஒருத்தி கடிதத்தைப் படித்துவிட்டு, "அக்கா, நான் விஷுவுக்கு மறுநாள் வந்தேன். இதில் மே 2 என்று இருக்கிறதே" என்றாள். என் நோட்டில் மே 2தான். நடுவில் இருந்த பதினாறு நாள்? வேலை பழகும் காலம் என்று சம்பளம் இல்லாமல் வைத்திருந்தேன். அவள் அந்தப் பதினாறு நாளும் சேலை மடித்தாள், கடை கூட்டினாள், வந்தவர்களுக்குத் துணியும் காட்டினாள். கோவையில் எனக்கும் அப்படித்தான் ஒரு மாதம் போயிற்று, அதையே நானும் செய்திருக்கிறேன். வாயால் பேசிக்கொண்டிருந்தவரை எனக்கு அது தெரியவே இல்லை. தேதியைத் திருத்தினேன். அந்தப் பதினாறு நாள் சம்பளத்தைக் கொடுத்தேன். மற்ற ஆறு பேரையும் கூப்பிட்டுக் கேட்டதில் இன்னும் மூன்று பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தேன். இப்போது புதிதாக வருபவருக்கு முதல் நாளே கடிதம், முதல் நாளிலிருந்தே சம்பளம்.

தமிழில் எழுதிய அந்தக் கடித மாதிரி என்னிடம் இருக்கிறது. வேலந்தாவளத்திலோ மீனாட்சிபுரத்திலோ பொள்ளாச்சியிலோ கடை வைத்திருப்பவர்கள் கேட்டால் தருகிறேன். ஸ்டூல் அளவும் தருகிறேன். நேரில் வந்தும் பார்க்கலாம், நான்கு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முந்திய ஒரு மணி நேரம் அவர்கள் உட்காரும் நேரம்.