செவ்வாய்க்கிழமைக் கேள்விகள்

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் வீட்டில் சீரியல் கிடையாது, மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் நாடாளுமன்ற நேரலைதான். 2017இல் ஒளிபரப்பு தொடங்கியதிலிருந்து அப்பாவுக்கு இதுதான் பொழுதுபோக்கு.

எதிர்க்கட்சித் தலைவரின் தனி அறிவிப்புக் கேள்விக்கு, அதாவது அவசர விஷயத்தைப் பற்றி அவர் கேட்கும் கேள்விக்கு, அரை மணி நேரம். முதல் பதிலை அமைச்சர் எழுதி வைத்துப் படித்துவிடுவார், அதில் ஒன்றும் தேறாது. துணைக்கேள்விகள் வரும்போதுதான் ஆட்டமே. டெண்டர் யாருக்குப் போனது, எத்தனை ரூபாய், குழாய் எப்போது மாற்றுவீர்கள்? உடனே ஒரு பதில் ரெடியாக இருக்கும்: "தகவல் திரட்டப்படுகிறது, நாடாளுமன்ற நூலகத்தில் வைக்கப்படும்." அந்த நூலகத்தில் இந்நேரம் இடமே இருக்காது என்பார் அப்பா.

2024 நவம்பர் தேர்தலில் மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் ஒரே கூட்டணி அள்ளிக்கொண்டது. எதிர்வரிசையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள். சரி, அப்போது யார் கேட்பது? அமைச்சர் பதவி இல்லாத ஆளுங்கட்சிப் பின்வரிசைக்காரர்கள்தான் கேட்க வேண்டும். சிலர் கேட்கிறார்கள். சிலர் அமைச்சரைப் பாராட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், அதற்கு எதற்குக் கேள்வி நேரம்?

அரசின் கணக்குவழக்கைச் சரிபார்க்கும் தணிக்கை இயக்குநரின் ஆண்டறிக்கை இருக்கிறதே, அதைப் பிரித்தாலே ஒரு வருடத்துக்குத் தேவையான கேள்விகள் கிடைக்கும். நம் தொகுதிக்காரர் யாராவது இதைப் படித்தால், எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றியும் ஒன்று கேளுங்கள் ஐயா.