மூன்று மாத இரைச்சல், கடைசியில் ஒரு லேன் கேபிள்

நேற்று இரவு 11.30 இருக்கும். பாட்டை நிறுத்திவிட்டு ஆம்ப்பை முழு வால்யூமில் வைத்து ஸ்பீக்கரின் ட்வீட்டர் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன். மெல்லிய ஒரு ‘ஸ்ஸ்’, அவ்வளவுதான். மூன்று மாதமாகக் கூடவே இருந்த ‘ம்ம்ம்’ இல்லை, அதன் மேலே கீச்சென்று ஏறி இறங்கும் டிஜிட்டல் சத்தமும் இல்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், இல்லாவிட்டால் அப்போதே கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

செட்டப் வழக்கமானதுதான்: லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைந்த ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி (இனி ‘பை’), டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் யு.எஸ்.பி. டாக் (DAC), ஏபி கிளாஸ் ஆம்ப். பாட்டு ஓடும்போது பெரிதாகத் தெரியாது. ஆலாபனை தொடங்குவதற்கு முன் தம்புரா மட்டும் போகிற இடத்தில்தான் பிரச்சனை, சுருதிக்குப் பக்கத்தில் இன்னொரு பொய்ச் சுருதி உட்கார்ந்திருக்கும். அதைக் கேட்டபிறகு கேட்காமல் இருக்க முடியாது.

முதலில் நான் சந்தேகப்பட்டது எர்த்தை. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் நாலடி தோண்டினால் பாறை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 11 வோல்ட் காட்டியது. எலக்ட்ரீஷியன் அண்ணா பழைய குழியைப் பார்த்துவிட்டு, “சார், இதுக்குக் கீழ கடப்பாரை இறங்காது, தள்ளிப் போட்டாத்தான் உண்டு” என்றார். கிணற்றடி ஈரத்தில் புதுக்குழி, கரி, உப்பு எல்லாம் போட்டு 3 வோல்ட்டுக்கு வந்தது. பாதுகாப்புக்கு அது அவசியமான வேலை, செய்ததில் வருத்தமே இல்லை. ஆனால் இரைச்சல் இம்மி அசையவில்லை.

அடுத்து பையின் அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பவர்பேங்கில் ஓட்டினேன். ‘ம்ம்ம்’ அப்படியே இருந்தது. இங்கேதான் நான் வழி தவறினேன். அடாப்டர் குற்றவாளி இல்லை என்றால் டாக்தான் என்று முடிவுகட்டி, ஏ.டி.யு.எம். 4160 சிப் போட்ட யு.எஸ்.பி. ஐசொலேட்டர் (மின்தொடர்பைத் துண்டித்து டேட்டாவை மட்டும் கடத்துவது) ஒன்று வாங்கினேன். அந்த சிப் ஃபுல் ஸ்பீடு, அதாவது 12 மெகாபிட்தான் தாங்கும். என் டாக் 480 மெகாபிட் ஹை ஸ்பீடில் மட்டுமே பேசும் ரகம். செருகினால் பையில் டாக் பெயரே வரவில்லை. விற்றவர் விளம்பரத்தில் “எல்லா டாக்குக்கும் பொருந்தும்” என்று போட்டிருந்தார், திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். வாங்குகிறவர்கள் ஸ்பீடைப் பார்த்து வாங்குங்கள்.

போன ஞாயிறு மேசையைத் துடைக்கும்போது பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, கை பட்டு லேன் கேபிள் கழன்றுவிட்டது. பை முன்கூட்டியே வாங்கிப் பஃபரில் (தற்காலிக நினைவகம்) வைத்திருந்ததைக் கொண்டு பாட்டு சில விநாடிகள் தொடர்ந்தது. அந்தச் சில விநாடிகளில் ‘ம்ம்ம்’ இல்லை! திரும்பச் செருகினேன், வந்தது. பத்துத் தடவையாவது கழற்றிக் கழற்றிப் பார்த்திருப்பேன்.

காரணம் அந்தக் கேபிளின் ஷீல்டு, அதாவது கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறை. ‘ஆடியோவுக்கு நல்லது’ என்று நானே தேடி வாங்கிய, இரு பக்கமும் உலோகத் தலை வைத்த கேபிள் அது. லேன் போர்ட்டுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் சிக்னல் கம்பிகள் ஏற்கெனவே தனிமைப்பட்டவைதான், ஆனால் ஷீல்டு அந்தத் தனிமையைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய்விடுகிறது. ரவுட்டரின் இரண்டு பின் அடாப்டரில் மெயின்ஸ் பக்கத்தையும் டி.சி. பக்கத்தையும் ஒய் கெப்பாசிட்டர் என்ற சின்னப் பாகம் ஒன்று இணைக்கிறது, இரவில் உலோகத்தைத் தொட்டால் சுர்ரென்று இருக்குமே, அது இதனால்தான். கேபிளைக் கழற்றி ரவுட்டர் போர்ட்டுக்கும் ஆம்ப் பாடிக்கும் நடுவே அளந்தேன், 92 வோல்ட் ஏ.சி. கரண்ட் மிகக் குறைவு, ஆனால் அது ஷீல்டு வழியாகப் பைக்கும், யு.எஸ்.பி. வழியாக டாக்குக்கும், டாக்கையும் ஆம்ப்பையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. வயரின் கிரவுண்டு வழியாக ஆம்ப்பின் மூன்று பின் எர்த்துக்கும் போகிறது. ஆர்.சி.ஏ. கிரவுண்டில் விழும் அந்தச் சின்ன வோல்ட்டேஜைத்தான் ஆம்ப் பெருக்கிக் கொடுத்தது. பவர்பேங்க் சோதனை ஏன் ஏமாற்றியது என்றும் இப்போது புரிகிறது, அழுக்கு ரவுட்டர் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. பிளாஸ்டிக் தலை வைத்த, ஷீல்டே இல்லாத சாதா யு.டி.பி. கேட் 6 கேபிள் வாங்கிப் போட்டேன், ‘ம்ம்ம்’ அதோடு போனது. விலையும் பழையதில் கால்வாசிதான்.

கேபிள் மாற்றினால் ஜிட்டர் (கடிகாரத் துடிப்பின் நேரத் தடுமாற்றம்) குறையும் என்று சொல்கிறவர்களுக்கும் அந்தச் சில விநாடிகளே பதில். கேபிளே இல்லாதபோதும் பாட்டு ஓடியது. பாக்கெட் எப்போது வந்தாலும் பஃபரில் போய் உட்காரும், அசின்க்ரனஸ் யு.எஸ்.பி.யில் எப்போது வெளியே விட வேண்டும் என்று தீர்மானிப்பது டாக்குக்குள் இருக்கும் கிரிஸ்டல் கடிகாரம். யு.எஸ்.பி.யை விட்டு, ஒளி வழியாகச் சிக்னல் அனுப்பும் ஆப்டிகலுக்கு மாறினால் கிரவுண்டு தொல்லை முழுக்கப் போகும், உண்மைதான். ஆனால் அங்கே டாக் தன் கடிகாரத்தை வருகிற சிக்னலிலிருந்தே பிரித்தெடுக்க வேண்டும், அதில் எனக்கு விருப்பமில்லை.

மிச்சமிருந்த கீச்சு சத்தத்துக்கு, பைக்கு லீனியர் சப்ளை (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் அடாப்டருக்குப் பதில் சாதா டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் பவர் சப்ளை) செய்தேன். ஓசூரில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தரும் ஒருவரிடம் இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே செம்புத் தகடு ஷீல்டு வைத்துக் கேட்டேன். தகட்டின் இரு முனையும் ஒன்றையொன்று தொடக்கூடாது, தொட்டால் அதுவே ஷார்ட்டான ஒரு சுற்றாகிக் கொதித்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்து, நடுவில் பேப்பர் வைக்கச் சொல்லித்தான் வாங்கி வந்தேன். இப்போது பலகை மேல் திறந்தபடி ஓடுகிறது, பெட்டி இன்னும் செய்யவில்லை, சூடு இறக்கும் ஹீட்சிங்க்கும் சின்னது, அரைமணியில் கை வைக்க முடியவில்லை.

அதற்குள் மனசு அடுத்ததற்குப் போய்விட்டது. பழைய பை 3 ஒன்று இருக்கிறது, யு.எஸ்.பி. இல்லாமல் பையின் பின்களிலேயே நேராக இணையும் ஐ.டு.எஸ். டாக் போட. பை தானே கிளாக் (கடிகாரத் துடிப்பு) கொடுத்தால் சி.டி. தரமான 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு 2.8224 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். பைக்குள் இருக்கும் 500 மெகாஹெர்ட்ஸை அதால் வகுத்தால் 177.15, முழு எண் வராது. அதனால் 177-க்கும் 178-க்கும் மாறி மாறித் தாவுகிறது, ஒவ்வொரு தாவலும் 2 நானோ விநாடி. இங்கே ஜிட்டர் நிஜம். 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு கிரிஸ்டலும் டாக் போர்டிலேயே இருந்து, பை அதன் பின்னால் ஓடுகிற மாதிரி வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடில் விசாரிக்க வரும் சனிக்கிழமை காலை பஸ் ஏறுகிறேன், பெரிய ஹீட்சிங்க்கையும் அங்கேயே பார்த்துவிடலாம். பக்கத்துத் தோட்டத்தில் போர் மோட்டார் ஸ்டார்ட்டர் விழும்போது ஸ்பீக்கரில் ஒரு ‘டிக்’ இன்னும் வருகிறது, அதை வந்துதான் பார்க்கணும்.