முத்தொரை பாலாடாவில் கிழங்குத் தோட்டங்கள்

ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில் முத்தொரை பாலாடா. இங்கே சரிவு முழுக்கக் காய்கறித் தோட்டம்தான். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று துண்டுதுண்டான நிலங்கள். உருளைக்கிழங்குக்கு மூன்று போகம்: ஏப்ரல் வாக்கில் நடுவது கார்போகம், ஆகஸ்டில் கடைபோகம், ஜனவரியில் நீர்போகம். பார்க்கப் போகிறவர்களுக்கு ஜூன், ஜூலை நல்லது. செடியும் இருக்கும், நோயும் தெரியும்.

முளை கட்டிய 40–50 கிராம் விதைக்கிழங்கை 45 செ.மீ. இடைவெளியுள்ள பார்களில் (மண் மேடுகளில்) 20 செ.மீ.க்கு ஒன்றாக வைக்கிறார்கள். ஏக்கருக்கு டன் கணக்கில் விதை போகும். செலவில் பெரும்பங்கு அதுதான். 45ஆம் நாளிலும் 70ஆம் நாள் வாக்கிலும் செடியடியில் மண் அணைக்க வேண்டும். மழையில் பார் கரைந்து கிழங்கு வெளியே தெரிந்தால் வெயில் பட்டுப் பச்சையாகிவிடும். அதைச் சமைக்கக் கூடாது.

மூடுபனி விலகாத ஈர நாட்களில் பின்கருகல் நோய் வரும். இலை ஓரத்தில் நீர் கோத்த கரும்புள்ளி, காலையில் அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம். கண்ட பிறகு மாங்கோசெப் பூசணக்கொல்லி அடித்துப் பயனில்லை. லிட்டருக்கு 2 கிராம் வீதம் முன்கூட்டியே தெளிக்க வேண்டும்.

ஆனால் இந்த மலையின் தீராத தொல்லை மண்ணுக்குள் இருக்கிறது. 60 நாள் செடியைப் பிடுங்கினால், வேரில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கலாம். அவைதான் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவின் கூடுகள். இந்தப் புழு 1961இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளை வேரின் கசிவு பட்டால்தான் பெரும்பாலானவை பொரியும். அதுவரை பல ஆண்டுகள் மண்ணில் காத்துக் கிடக்கும். அதனால்தான் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு, பீன்ஸ் என்று மாற்றிப் போடுகிறார்கள். பலர் கோட்டைவிடுவது ஒன்றில்: அறுவடையில் தப்பிய கிழங்கு கேரட்டுக்குள் முளைக்கும். கறிக்கு ஆகட்டும் என்று விட்டால், புழுவுக்கு அந்த ஒரு செடியே போதும், பயிர் மாற்றியதன் பலன் குறைந்துவிடும். குஃப்ரி சுவர்ணா இந்தப் புழுவைத் தாங்கும் ரகம். பழகிய குஃப்ரி ஜோதியைப் போட்டால் சுழற்சியில் கண்டிப்பு வேண்டும்.

கொடியை அறுத்து 10–15 நாள் விட்டுத்தான் தோண்ட வேண்டும். அவசரப்பட்டால் தோல் உரிந்து, மூட்டையிலேயே அழுகும். கேரட்டைப் போல இதைக் கழுவுவதில்லை. மண்ணோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது. சாலையோரம் வாங்கினால் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். தோல் வழுகினால் இளங்கிழங்கு. அந்த வாரமே சமைத்துவிடுங்கள்.