வியாதியா, ஊனமா?

"எனக்கு வந்திருப்பது வியாதியா, ஊனமா சார்?"

வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்றிருக்கும் ஊழியர் கேட்டது இது. அலுவலக மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து நான் சொன்ன பதில்: "ஊனச் சர்டிபிகேட்டில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள்?"

அப்படிக் கேட்டதில் தப்பில்லை என்றுதான் முதலில் தோன்றியது. கோப்பில் வைக்க ஏதாவது ஒரு காகிதம் வேண்டும். வாய்ச்சொல்லை வைத்து ஆணை போட முடியாது. ஆனால் அவர் இட ஒதுக்கீடு கேட்கவில்லை. இரவு ஷிப்ட் வேண்டாம் என்றார், அவ்வளவுதான். அதற்கும் சதவீதத்துக்கும் என்ன சம்பந்தம்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 சதவீத ஊனம் என்ற கணக்கு 4 சதவீத வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்கு. மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் 2(எஸ்) பிரிவில் சதவீதமே கிடையாது. நீண்டகாலக் குறைபாடு இருக்க வேண்டும். அது சூழலில் உள்ள தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க முடியாமல் செய்ய வேண்டும். எத்தனை மாதம் இருந்தால் 'நீண்டகாலம்' என்றும் அங்கே இல்லை. (பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் 12 மாதம் என்று கணக்கு உண்டு, புற்றுநோய் என்றால் கண்டறிந்த நாளிலிருந்தே ஊனம்.) யு.பி.எஸ்.சி தேர்வில் சொல்லச்சொல்ல எழுத ஆள் கேட்டவரின் வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

உறுத்துவது இன்னொன்று. சட்டத்தின் அட்டவணையில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. நடுக்கவாத நோயான பார்க்கின்சன், ரத்த நோய்களான ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. சர்க்கரை நோய், இதய நோயும் இல்லை. சதவீதச் சான்று அட்டவணையில் உள்ளவற்றுக்குத்தான். ஆக, எந்த மருத்துவக் குழுவும் தர முடியாத காகிதத்தை அவரிடம் கேட்டாயிற்று. 2(எஸ்) பிரிவு அட்டவணையைக் குறிப்பிடவில்லை என்பதால் அவரும் அதற்குள் வருவார் என்று வாதாடலாம். 'அட்டவணையில் இல்லையே' என்று நிர்வாகமும் வாதாடும்.

இப்படிப்பட்டவர்கள் மனு எழுதும்போது நோயின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். மனு தோற்பது பெரும்பாலும் அங்கேதான். எந்தெந்தக் கிழமை சிகிச்சை, முடிந்தபின் எத்தனை மணி நேரம் உடம்பு ஒத்துழைக்காது, எந்த வேலை முடியாது, எது முடியும், எவ்வளவு காலம் இது நீடிக்கும்: டாக்டரின் கடிதத்தில் இவை இருக்க வேண்டும். கேட்கும் மாற்றம் ஒரே வரியில் தெளிவாக இருக்க வேண்டும். நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். நிர்வாகம் மறுத்தால், அந்த மாற்றத்தால் தனக்கு வரும் அளவுக்கு மீறிய சுமை எது என்று அந்த ஒருவர் விஷயத்தில் காட்டியாக வேண்டும். 'எல்லாரும் கேட்பார்களே' என்பது பதிலாகாது.

இதையெல்லாம் சொல்லும்போதே தயக்கமும் வருகிறது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையிலிருந்து எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணியிடம் தர வேண்டும், இல்லாவிட்டால் உபரிப் பணியிடத்திலாவது வைத்திருக்க வேண்டும் என்கிற 20(4) பிரிவு அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியாரிலும் சமவாய்ப்புக் கொள்கை வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் மாற்றுத்திறனாளிகள் விஷயத்தைக் கவனிக்கத் தொடர்பு அலுவலரும் வேண்டும் என்கிறது விதி. அந்தக் கொள்கை பெரும்பாலும் இணையதளத்தின் மூலையில் கிடக்கும் ஒரு பிடிஎப். அரசு வேலையிலும், உடம்பு தளர்ந்த நேரத்தில் விருப்ப ஓய்வுக் கடிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் 20(4) பிரிவைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு.

'என்ன செய்ய முடியவில்லை?' என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மறுநாள் ஷிப்ட் பட்டியல் மாறியிருக்குமா? பட்டியல் போடுகிறவரும் சதவீதத்தைத்தானே கேட்டிருப்பார்.