ஐந்து தொட்டிக்கு எந்தத் தக்காளி?

பிப்ரவரி 2

விதைப் பெட்டியைக் கவிழ்த்து மேசையில் பரப்பினேன். பத்தொன்பது தக்காளி ரகங்கள். நல்ல வெயில் விழும் இடமோ ஐந்து தொட்டிக்குத்தான் இருக்கிறது. நிழல் மூலையில் வைத்தால் இலை மண்டும், காய் பிடிக்காது. போன ஆண்டு இரண்டு செடிகளை அப்படி வீணாக்கினேன். ஆகவே பதினான்கு பொட்டலங்களை மறுபடி பெட்டிக்குள் போட்டாக வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, படத்தைப் பார்த்து, திரும்பக் கீழே வைத்தேன். இரவு பத்து மணி வரை ஒன்றைக்கூடப் பெட்டிக்குள் போட மனம் வரவில்லை.

பிப்ரவரி 4

படத்தை மறந்துவிட்டு வளரும் விதத்தைப் பார்த்தேன். வேலை சுலபமாகிவிட்டது. ரோமா குத்துச்செடி. ஓர் அளவுக்கு வளர்ந்து நின்றுவிடும், காய்கள் சில வாரங்களுக்குள் சேர்ந்தாற்போலப் பழுக்கும். சதைப்பற்று அதிகம், சாறும் விதையும் குறைவு. சமையலுக்கு அதுதான் சரி. ஒரு தொட்டி அதற்கு. சன்கோல்ட், பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் எல்லாம் கொடி போல ஏறிக்கொண்டே இருப்பவை. ஆளுயரத்துக்கு மேல் கோல் நட வேண்டும்.

சன்கோல்டுக்கு ஒரு தொட்டி. சிறிய செர்ரி ரகம், ஆரஞ்சு நிறம், அந்த இனிப்பு வேறெதிலும் இல்லை. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

பிப்ரவரி 9

ஐந்தும் முடிவாகிவிட்டது: ரோமா, சன்கோல்ட், செரோக்கி பர்ப்பிள், கிரீன் ஸீப்ரா, பிராண்டிவைன். கடைசி இரண்டும் ஆசைக்காக. செரோக்கி பர்ப்பிள் விதை 1990இல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து கிரெய்க் லஹூலியர் என்ற தக்காளிப் பிரியருக்குத் தபாலில் வந்தது. பெயர் வைத்தவரும் அவர்தான். ஒருவர் இன்னொருவருக்கு உறையில் போட்டு அனுப்பிய விதை இன்று என் உள்ளங்கையில் கிடக்கிறது என்று நினைத்தபோது உண்மையிலேயே சிலிர்த்தது.

கால் அங்குல ஆழத்தில் விதைத்தாயிற்று.

பிப்ரவரி 16

ரோமா முளைத்துவிட்டது. பிராண்டிவைன் இன்னும் இல்லை.

மார்ச் 20

நாற்றுகளைத் தொட்டிக்கு மாற்றினேன். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதி வரை மண்ணுக்குள் புதைத்தேன். தக்காளித் தண்டு மண்ணில் பட்ட இடமெல்லாம் வேர்விடும். பிராண்டிவைன் இலை மட்டும் தனித்துத் தெரிகிறது. மற்றவற்றின் விளிம்பு வெட்டுவெட்டாக இருக்க, இது உருளைக்கிழங்கு இலை போல வழவழவென்று அகன்றிருக்கிறது. கை கழுவியபோது சோப்பு நுரை மஞ்சள் கலந்த பச்சையாக ஓடியது. விரலில் அந்த வாசனை மாலை வரை இருந்தது.

பொட்டலத்தில் போட்டிருக்கும் நாள் கணக்கு இன்றிலிருந்துதான் தொடங்குகிறது, விதைத்த நாளிலிருந்து அல்ல. புதிதாக வளர்ப்பவர்கள் பலர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

மே 17

முதல் சன்கோல்ட். பொட்டலம் 57 நாள் என்றது, இது 58ஆம் நாள். வெயிலில் சூடேறியிருந்த பழத்தைச் செடியடியிலேயே நின்று தின்றேன்.

ஜூன் 3

பிராண்டிவைன் பூக்கள் உதிர்கின்றன. பூக்காம்பின் நடுவில் விரல் முட்டி போல ஒரு கணு இருக்கிறது. முதலில் அந்த இடம் மஞ்சளாகிறது; மறுநாள் லேசாகத் தொட்டால் பூ அங்கேயே கழன்று விழுகிறது. காரணம் இரவு வெப்பம். இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் சரியாக வேலை செய்வதில்லை, காய் பிடிப்பதில்லை. பெரிய பழ ரகங்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. பக்கத்துத் தொட்டியில் சன்கோல்ட் கொத்துக்கொத்தாகக் காய்த்துத் தொங்குகிறது. பிராண்டிவைனில் இதுவரை மூன்றே காய்கள்.

ஜூன் 11

செரோக்கி பர்ப்பிளை இன்று அறுத்தேன். காம்பைச் சுற்றித் தோள் மட்டும் பச்சை, கீழே மங்கிய ஊதா, உள்ளே செங்கல்லும் பச்சையும் கலந்த நிறம். பழுத்த பிறகும் பச்சையம் முழுதாக மறையாமல் சிவப்போடு சேர்ந்துகொள்வதால் வரும் நிறம் இது. உப்புக்கூடத் தேவைப்படவில்லை.

அந்தப் பச்சைத் தோளைக் குறை என்று ஒதுக்கி, ஒரே சீராகச் சிவக்கும் பழங்களையே பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுத்ததில் காயிலேயே சர்க்கரை சேர உதவும் ஒரு மரபணுவும் செயலிழந்துபோனது என்று 2012இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. பார்வைக்கு அழகான பழம் ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்கு அது ஒரு காரணம். அன்றிலிருந்து பச்சைத் தோளைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஜூன் 19

ரோமாவில் ஏழு காய்களின் அடிப்பகுதி கறுத்து, தோல் போல அமுங்கியிருக்கிறது. நோய் அல்ல, சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு வந்து, காய்ந்த மண்ணில் ஒரேயடியாக நீரை ஊற்றினேன். தவறு என்னுடையது. நீள்வடிவக் காய்களுக்கு இது எளிதில் வரும். வைக்கோல் மூடாக்குப் போட்டுவிட்டேன். இனி தினமும் காலையில் அளவாகத் தண்ணீர்.

ஜூன் 27

கிரீன் ஸீப்ராவை எப்போது பறிப்பது என்று மகள் தினமும் கேட்கிறாள். பழுத்தாலும் பச்சைதான். கோடுகளுக்கு இடையே மஞ்சள் ஏறி, விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். இன்று அவளே கண்டுபிடித்துப் பறித்துவந்தாள். நல்ல புளிப்பு. எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அவள் நான்கு தின்றாள்.

ஜூலை 6

விதை எடுக்கும் நாள். செரோக்கி பர்ப்பிளின் கூழைத் தண்ணீரோடு கண்ணாடிக் குவளையில் மூன்று நாள் புளிக்கவிட்டேன். விதையைச் சுற்றியிருந்த வழுவழுப்பு கரைந்து, நல்ல விதைகள் அடியில் தங்கிவிட்டன. சன்கோல்டில் இதைச் செய்து பயனில்லை. அது வீரிய ஒட்டு ரகம், அதன் விதையிலிருந்து அதே பழம் வராது. ஆண்டுதோறும் புது விதைதான்.

ஜூலை 13

பிராண்டிவைனின் மூன்றாவது பழம், அதாவது கடைசிப் பழம். 430 கிராம். இந்தத் தொட்டியை அடுத்த முறை இன்னொரு செரோக்கி பர்ப்பிளுக்குக் கொடுத்துவிடுவது என்று நேற்று வரை உறுதியாக இருந்தேன். தட்டில் அறுத்து வைத்துவிட்டு நான் வருவதற்குள் வீட்டில் பாதியைத் தின்றிருந்தார்கள். மீதியை நான் தின்றேன். முதலில் இனிப்பு, பிறகு மெல்லிய புளிப்பு, விழுங்கிய பின்னும் நாக்கை விட்டுப் போகாத ஏதோ ஒன்று.

விதையை எடுத்துக் காயவைத்திருக்கிறேன். வெயில் உச்சத்துக்குப் போகும் முன்பே பூத்துக் காய் பிடித்துவிட வேண்டும். உறையில் எழுதிவிட்டேன்: பிராண்டிவைன், ஒரு செடி, ஜனவரி 5இல் விதைக்க.