பரோலோ ரிசர்வா வாங்குகிறவர்கள் மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

நண்பர் வீட்டுத் திருமணத்துக்குப் பரோலோ ரிசர்வா (பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினில் கூடுதல் காலம் பழக்கிய வகை) ஒரு புட்டி வேண்டும் என்று இத்தாலியின் ஆல்பா நகரில் ஒரு கடையில் முன்பணம் கட்டியிருந்தேன். 2024 அக்டோபர், ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானுக்கான சந்தைக் கூட்டம் நெரிந்த நேரம். வாங்கிவருவதற்காக டுரினிலிருந்து மறுபடி ரயிலேறினேன். கடைக்காரர் பரிசுத்தாள் சுற்றித் தயாராக வைத்திருந்தார். பிரிக்கச் சொன்னேன். லேபிளில் பரோலோ, 2019 என்று இருந்தது. ரிசர்வா என்ற சொல்லையே காணோம்.

"இரண்டும் ஒன்றுதான்" என்றார். எப்படி ஒன்றாகும்? நெப்பியோலோ திராட்சை மட்டுமே சேரும் இந்த ஒயினை, அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதம் வைத்திருந்த பிறகே விற்கலாம். அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும். ரிசர்வாவுக்கு 62 மாதம். 2019 அறுவடையின் சாதாரணப் பரோலோ 2023 ஜனவரியில் கடைக்கு வரலாம். ரிசர்வா 2025 ஜனவரிக்கு முன் வரவே முடியாது. அவர் கொடுத்த ரசீதிலோ "ரிசர்வா 2019" என்று தெளிவாக எழுதியிருந்தது. அதன் பின்பக்கத்திலேயே மாதங்களைக் கூட்டிக் காட்டினேன். முதலாளி இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார். நான் நகரவில்லை. கடைசியில் முழுப் பணமும் கைக்கு வந்தது.

அன்று மாலையே பரோலோ விளையும் ஊர்களில் ஒன்றான செர்ராலுங்காவில் ஒரு திராட்சைத் தோட்டக்காரரிடம் நேரடியாக 2016 ரிசர்வா வாங்கிவிட்டேன். சுவைக்கவும் ஊற்றிக் கொடுத்தார். நிறம் எதிர்பார்த்ததைவிட வெளிறியது. கண்ணாடியின் விளிம்பில் செங்கல் சாயல். மூக்கில் ரோஜா, கூடவே தார் வாசனை. வாயில் வைத்ததும் பச்சைப்பாக்கு மென்றதுபோல் ஈறெல்லாம் துவர்த்தது. எட்டு வருடமாகியும் அந்தப் பிடி தளரவில்லை! செர்ராலுங்கா ஒயின் அப்படித்தான், முரடு. சீக்கிரம் திறக்க நினைப்பவர்கள் பரோலோ விளையும் இன்னொரு ஊரான லா மொர்ராப் பக்கத்துப் புட்டியைத் தேடுங்கள். அந்த மண்ணின் ஒயின் பொதுவாக மென்மையானது, மணம் கூடியது.

பரிசுத்தாளைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். ரசீதில் ஆண்டும் ரிசர்வா என்ற சொல்லும் இருக்கட்டும்; என் பணத்தை மீட்டது அந்தத் துண்டுத்தாள்தான். இவ்வளவு செலவழிக்க மனமில்லாதவர்களுக்குப் பக்கத்திலேயே விளையும் பார்பரெஸ்கோ ஒயின் இருக்கிறது: அதே திராட்சை, 26 மாதம் போதும், பெரும்பாலும் விலையும் குறைவு.